சாம்பல் நிறக் கப்பலில் எத்தனை பேர்? சிங்கப்பூர்க் கடற்படையை அடையாளம் காணப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலை ஏழு மணிக்கு, வெளிச்சம் பரவும் நேரத்தில், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலுள்ள பிடோக் படகுத்துறையின் நுனிக்குப் போய் நில்லுங்கள். நங்கூரம் பாய்ச்சிய சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களுமாக அடிவானமே மறைந்திருக்கும். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் எந்நேரமும் சுமார் 1,000 கப்பல்கள் இருக்கும் என்பார்கள். அங்கே நின்று பார்த்தால் அதை நம்ப முடியும். சில நாள்களில் அவற்றுக்கு நடுவே ஒரு சாம்பல் நிறக் கப்பல் சத்தமில்லாமல் கடந்து போகும். பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. கவனிப்பவர்களும் ‘நேவி கப்பல்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு மேலும் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்தப் படகுத்துறையில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் உண்டு. தூண்டில்காரர். எழுபதுகளின் கடைசியில் ஏவுகணைப் படகில் பணியாற்றியவர். நான் முதன்முதலில் தொலைநோக்கியோடு போய், “அங்கிள், அதுல என்ன பீரங்கி இருக்கு?” என்று கேட்டபோது, தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: “பீரங்கிய விடுங்க தம்பி. எங்க படகு நாப்பத்தஞ்சு மீட்டர், அதுல நாங்க நாப்பது பேரு. இப்பப் போகுதே, அது எம்பது மீட்டர். இருபத்து மூணு பேருதான். ஏன்னு யோசிங்க.”

அன்றிலிருந்து எந்தக் கப்பலைப் பார்த்தாலும் முதலில் ஆள்கணக்கைத்தான் தேடுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் அதையே சொல்வேன். இந்தக் கடற்படையின் பிரச்சினைகள் இரண்டு: கடல் குறுகலானது, ஆள் போதாது. ஏறக்குறைய எல்லாக் கப்பல்களும் இந்த இரண்டுக்கும் விடை தேடிக் கட்டப்பட்டவை.

முதல் படி: கப்பலுக்கு முன்னால் வரைபடம்

ஒரு வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். தீவின் நீளம் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தெற்கே சிங்கப்பூர் நீரிணை, அகலம் சுமார் 16 கிலோமீட்டர்தான். அதற்கு அந்தப் பக்கம் இந்தோனேசியாவின் பாத்தாம், பிந்தான். வடக்கே ஜொகூர் நீரிணையைத் தாண்டினால் மலேசியா.

இப்போது பென்சிலால் நான்கு புள்ளிகள் வையுங்கள். மேற்கு முனையில் துவாஸ் கடற்படைத் தளம். கிழக்கு முனையில், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில், 2004-ல் திறக்கப்பட்ட சாங்கிக் கடற்படைத் தளம். வடக்கே செம்பவாங், கடற்படை முக்குளிப்பாளர்கள் பயிற்சி பெறும் இடம். நான்காவது புள்ளி தீவைவிட்டு விலகி, கிழக்கே 40 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் பெட்ரா பிராங்கா பாறை. அதன் மேல் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851-லிருந்து எரிகிறது. அந்தப் பாறை சிங்கப்பூருக்கே உரியது என்று அனைத்துலக நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது.

புள்ளிகளை வைத்துவிட்டுப் பாருங்கள். இங்கே தளத்தைவிட்டுப் புறப்படும் போர்க்கப்பல் சற்று நேரத்திலேயே எண்ணெய்க் கப்பல்களுக்கும் இழுவைப் படகுகளுக்கும் நடுவே போய்விடுகிறது. திரும்பிக்கொள்ளக்கூட இடம் அளந்துதான் கிடைக்கும். 2003 ஜனவரி 3 இரவு, அந்தக் கலங்கரை விளக்கத்துக்கு அருகே கரேஜியஸ் என்ற கடற்படைச் சுற்றுக்காவல் கப்பலும் ஒரு சரக்குக் கப்பலும் மோதிக்கொண்டன. கடற்படையின் பெண் வீரர்கள் நால்வர் இறந்துபோனார்கள். போர் எதுவும் நடக்காத ஒரு சாதாரண இரவு அது. நான்காவது புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நால்வரின் நினைவு வரும்.

உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வரும் ஊர் இது. அந்தக் குறுகிய தண்ணீர் அடைபட்டால் அரிசி முதல் எரிபொருள் வரை எல்லாமே நின்றுவிடும்.

இரண்டாம் படி: கொடி, முன்னெழுத்து, எண்

வெள்ளைத் துணி. கொடிமரத்தை ஒட்டிய மேல் மூலையில் சிவப்புக் கட்டம், அதனுள் பிறையும் ஐந்து நட்சத்திரங்களும். கீழே ஒரு சிவப்பு எண்முனை நட்சத்திரம். அது திசைகாட்டியைக் குறிக்கிறது. இதுதான் கடற்படைக் கொடி.

பெயருக்கு முன் வரும் ‘ஆர்எஸ்எஸ்’ என்பது சிங்கப்பூர்க் குடியரசின் கப்பல் என்பதன் சுருக்கம். தூரத்திலிருந்து பெயரைப் படிக்க முடியாது. பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். 15 முதல் 22 வரை என்றால் கடலோரப் பணிக் கப்பல். 68 முதல் 73 வரை ஃபிரிகேட் எனும் பெரிய போர்க்கப்பல். 88 முதல் 93 வரை கோர்வெட் எனும் சிறிய போர்க்கப்பல். 207 முதல் 210 வரை தரையிறக்கு கப்பல். 105 முதல் 108 வரை கண்ணிவெடி அகற்றும் கப்பல். இந்த ஐந்து வரிசைகளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் மனப்பாடமாகிவிடும்.

புதியவர்கள் தடுமாறுவது கடலோரக் காவல் படையின் படகுகளைப் பார்த்துத்தான். அவை காவல்துறையைச் சேர்ந்தவை. பக்கத்தில் ‘போலீஸ்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். இன்னொரு குழப்பம் பதவிப் பெயர்கள். பல நாட்டுக் கடற்படைகளில் கேப்டன் என்றால் கர்னலுக்கு இணையான மூத்த அதிகாரி. சிங்கப்பூரில் தரைப்படைக்கும் கடற்படைக்கும் கர்னல் வரை ஒரே பதவிப் பெயர்கள்தான், அதற்கு மேல்தான் அட்மிரல் என்ற சொல் வரும். ஆகவே இங்கே ‘கேப்டன்’ என்றால் இளநிலை அதிகாரி. போர்க்கப்பலை நடத்துபவர் மேஜராகவோ லெப்டினன்ட் கர்னலாகவோ இருப்பார்.

மூன்றாம் படி: வகை பிரித்துப் பார்ப்பது

கரையிலிருந்து நீங்கள் பார்க்க அதிக வாய்ப்புள்ளது கடலோரப் பணிக் கப்பல்தான். எட்டுக் கப்பல்கள், எல்லாம் உள்ளூரிலேயே கட்டியவை. முதலாவதான ஆர்எஸ்எஸ் இண்டிபெண்டன்ஸ், கடற்படையின் 50-ஆம் ஆண்டு நிறைவு நாளான 2017 மே 5 அன்று பணியில் சேர்ந்தது. நீளம் 80 மீட்டர். முன்னால் ஒரு பீரங்கி, பின்னால் ஹெலிகாப்டர் இறங்கத் தட்டையான தளம், நடுவில் சாய்ந்த சுவர்களோடு உயரமான கட்டடம். பெரியவர் சொன்ன 23 பேர் கப்பல் இதுதான். கூடுதல் வேலை வந்தால் அதற்கான அணி மட்டும் தனியாக ஏறிக்கொள்ளும்.

எப்படி 23 பேர் போதும்? வழக்கமாகக் கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் மேலே இருக்கும், சண்டையை நடத்தும் அறை உள்ளே இருக்கும், எஞ்சினைக் கவனிக்கும் அறை கீழே இருக்கும். மூன்றிலும் தனித்தனியே ஆள் வேண்டும், ஒருவரோடொருவர் ஒலிபெருக்கியில் பேசிக்கொள்ள வேண்டும். இந்தக் கப்பலில் மூன்றையும் ஒரே கூடத்தில் வைத்துவிட்டார்கள். மாலுமியும் ரேடார் பார்ப்பவரும் எஞ்சின்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள். இவற்றுக்கு முன்பிருந்த சுற்றுக்காவல் கப்பல்கள் 55 மீட்டர், அவற்றில் சுமார் 30 பேர். கப்பல் வளர்ந்தது, ஆள் குறைந்தது. ஆயுதத்தைவிட இந்தக் கூடத்தைத்தான் நான் பெரிய சாதனையாக நினைக்கிறேன். 2023-ல் சிங்கப்பூரின் குழந்தைப் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.97 குழந்தை. பதினெட்டு வயதில் கட்டாயப் படைப்பணியான தேசிய சேவைக்கு வரும் பையன்களின் எண்ணிக்கை இனிமேல் எப்படிப் போகும் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. அதைக் கண்முன் வைத்துக்கொண்டு கட்டிய கப்பல் இது.

ஃபிரிகேட் அபூர்வமாகக் கண்ணில் படும், பட்டால் உடனே தெரியும். 114 மீட்டருக்கும் மேல் நீளம், ஏறக்குறைய 3,200 டன். பக்கங்கள் மடித்து ஒட்டிய அட்டைப்பெட்டி போல வழவழவென்று இருக்கும். ரேடார் கண்ணுக்குச் சிறிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. பிரான்ஸ் நாட்டு வடிவமைப்பு. முதல் கப்பலான ஆர்எஸ்எஸ் ஃபார்மிடபிள் அங்கே லோரியான் நகரில் கட்டப்பட்டது, மற்ற ஐந்தும் சிங்கப்பூரில். ஹெலிகாப்டர் அணியைக் கழித்துவிட்டால் சுமார் 70 பேர் ஓட்டுகிறார்கள்.

கோர்வெட்டுகள் 62 மீட்டர், 1990-களின் தொடக்கத்தில் வந்தவை. விக்டரி, வேலர், விஜிலன்ஸ், வேலியன்ட், விகர், வெஞ்சன்ஸ் என்று ஆறு பெயர்களும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும். அவற்றுக்குப் பதிலாகச் சுமார் 150 மீட்டர் நீளத்தில் பல்பணிப் போர்க்கப்பல்களை உள்ளூரில் எஸ்டி எஞ்சினியரிங் நிறுவனம் கட்டுகிறது. ஆளில்லாப் படகுகளுக்கும் வானூர்திகளுக்கும் தாய்க்கப்பலாக இருக்கப் போகிறவை அவை. அவ்வளவு பெரிய கப்பலிலும் ஆள்கணக்கு 100-ஐத் தாண்டாது என்கிறார்கள்.

தரையிறக்கு கப்பலைத் தவறவிடவே முடியாது. 141 மீட்டர், பெட்டி போன்ற உடல், பின்னால் திறக்கும் பெரிய கதவு. உள்ளே தண்ணீரை விட்டுச் சிறு படகுகளை மிதக்கவிடலாம். நான்கு கப்பல்கள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 65 பேர். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவில் அச்சேயின் மெலாபோ நகருக்கு எண்டியூரன்ஸ், பெர்சிஸ்டன்ஸ், எண்டெவர் என மூன்று கப்பல்கள் போயின. சாலைகள் அறுந்துபோன ஊர் அது. வண்டிகளும் மருத்துவர்களும் குடிநீரும் கடல் வழியாகத்தான் கரைக்குப் போக முடிந்தது. நாகப்பட்டினத்தையும் மட்டக்களப்பையும் அந்த வாரம் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறிய யாருக்கும், ஒரு கப்பலின் பின்கதவு திறந்து நிவாரணப் படகு இறங்குவதன் அருமையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் நான்கு: பிடோக், காலாங், காத்தோங், பொங்கோல். நாம் குடியிருக்கும் பேட்டைகளின் பெயர்கள். இவற்றின் உடல் இரும்பல்ல, கண்ணாடி இழை. கடலடியில் கிடக்கும் கண்ணிவெடிகளில் பல, மேலே போகும் இரும்பின் காந்தப் புலத்தை உணர்ந்து வெடிப்பவை, அதனால் கப்பலையே காந்தம் தொடாத பொருளில் செய்துவிட்டார்கள். முதலாவது சுவீடனில் கட்டியது. ‘பிடோக்’ என்ற பெயருக்கு முன்கதையும் உண்டு. 1967-ல் இந்தக் கடற்படை தொடங்கியபோது இருந்த மரக்கப்பல்களில் பங்லிமா ஒன்று, பிடோக் இன்னொன்று. பங்லிமா என்றால் மலாயில் படைத்தலைவன்.

நீர்மூழ்கிக் கப்பலைப் பார்ப்பது அதிர்ஷ்டம். முதலில் சுவீடனிடமிருந்து பழைய கப்பல்களை வாங்கிப் பழகினார்கள். பிறகு இந்த ஆழமற்ற, நெரிசலான கடலுக்கென்றே ஜெர்மனியின் கீல் நகரில் புதிதாகச் செய்யச் சொன்னார்கள். இன்வின்சிபிள், இம்பெக்கபிள் இரண்டும் 2024 செப்டம்பரில் சாங்கியில் முறைப்படி பணியில் சேர்ந்தன. நீளம் 70 மீட்டர், ஆள்கள் 28 பேர்.

நான்காம் படி: எங்கே நிற்பது, எப்போது நிற்பது

தொடங்க நல்ல இடம் பிடோக் படகுத்துறைதான். நடைபாதை நீளமாகக் கடலுக்குள் போகிறது, காசில்லை, பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்கும். அடுத்தது, தானா மேரா படகு முனையத்திலிருந்து பாத்தாம் அல்லது பிந்தானுக்குப் போகும் படகு. அந்த முனையத்துக்குப் பக்கத்திலேயே சாங்கித் தளம் இருப்பதால் வெளியே போகும், உள்ளே வரும் கப்பல்கள் வழியில் தென்படலாம். மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் போகும் படகும் நன்றாக இருக்கும், ஆனால் அந்தப் பக்கம் சரக்குக் கப்பல்கள்தான் அதிகம்.

எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 தொலைநோக்கி போதும். அதைவிடப் பெரிதாக்கிக் காட்டுவது கை நடுக்கத்தையும் சேர்த்துக் காட்டும். மே முதல் ஆகஸ்ட் வரை சூரியன் தீவுக்கு வடக்கே ஓடுகிறது, தெற்கு நோக்கி நிற்பவருக்கு வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வரும், எண்கள் பளிச்சென்று தெரியும். டிசம்பரில் அது தலைகீழ். கண்கூச்சத்தில் எல்லாக் கப்பல்களும் கருநிழலாகத் தெரியும், போதாததற்கு வடகிழக்குப் பருவமழை வேறு. சுமத்ராவில் காடு எரிந்து புகைமூட்டம் வரும் வாரங்களில் வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.

செம்பவாங் பூங்காவுக்குப் போனால் ஒன்றை நினைவில் வைத்திருங்கள். அங்கே நிற்கும் சாம்பல் நிறக் கப்பல் வெளிநாட்டுக் கப்பலாக இருக்கலாம், கொடியைப் பார்க்காமல் முடிவுகட்ட வேண்டாம். அந்தக் கரை பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்த இடம். 1938-ல் கப்பல் பழுதுபார்க்கும் பெரிய உலர்துறை திறக்கப்பட்டது. அதில் வேலை செய்த ஏராளமான தமிழரும் மலையாளிகளும் சுற்றுவட்டாரத்திலேயே குடியிருந்தார்கள். இன்று ஈசூனில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் அந்தத் தளத்தை ஒட்டி ஒரு மரத்தடியில் தொடங்கியதுதான். பிரிட்டிஷார் 1971-க்குள் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிழைப்பே கேள்விக்குறியானது, நாட்டுக்குக் காவலும் கேள்விக்குறியானது. இரண்டு மரக்கப்பல்களை வைத்துக்கொண்டு அப்போதுதான் தொடங்கியிருந்த கடற்படைக்கு வந்த நெருக்கடி அது.

ஐந்தாம் படி: செய்யக்கூடாதவை

இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தளங்களின் வேலியில் சிவப்பு எச்சரிக்கைப் பலகை நான்கு மொழிகளில் இருக்கும், தமிழும் அதில் ஒன்று. அதற்கு அருகே படம் எடுப்பது சட்டப்படி குற்றம். படகில் போகும்போதும், தளம் தெரியும் பக்கம் வந்தால் கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள். ட்ரோன் என்ற பேச்சே வேண்டாம். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு எந்தத் திசையில் போனது என்று சமூக ஊடகத்தில் போடாதீர்கள். அந்த 23 பேரில் ஒருவருக்கு வீட்டில் காத்திருக்கும் அம்மா உண்டு. கைப்பேசியில் கப்பல் நடமாட்டம் காட்டும் செயலி வைத்திருப்பவர்கள் கவனிக்க: போர்க்கப்பல்கள் அதில் தெரிய வேண்டிய கட்டாயமில்லை. தெரியவில்லை என்பதால் அங்கே ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

ஆறாம் படி: ஏறிப் பார்ப்பது

சில ஆண்டுகளில் விவோசிட்டி கடைத்தொகுதியின் நீர்முனையில் கடற்படை தன் கப்பல்களைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டும். அறிவிப்பு வந்ததும் பதிவு செய்துவிடுங்கள். ரப்பர் அடிப்பாகமுள்ள காலணி வேண்டும். கப்பலின் ஏணிப்படிகள் செங்குத்தானவை, இறங்கும்போது வீட்டு மாடிப்படி போல முன்னோக்கி இறங்கக் கூடாது, படியைப் பார்த்தபடி பின்னோக்கி இறங்க வேண்டும். சேலை கட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா திணறியபோது, ஓர் இளம் கடற்படை வீராங்கனை கீழே நின்று, “ஆன்ட்டி, என்னைப் பாக்காதீங்க, படியப் பாருங்க” என்று தமிழிலேயே சொல்லி ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டார்.

உள்ளே போனதும் எல்லோரும் ஏவுகணையைச் சுற்றித்தான் கூடுவார்கள். நீங்கள் படுக்கை அறைப் பக்கம் போங்கள். சமையலறையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள், சமைப்பவருக்கு வேறு என்ன வேலை, தீப்பிடித்தால் முதலில் ஓடுவது யார் என்று கேளுங்கள். நான் அந்த வீராங்கனையிடம் கேட்டேன். அவருக்கு மூன்று வேலைகள் இருந்தன. மூன்றாவதைச் சொல்லும்போது கையைத் திருப்பிக் காட்டினார். தீயணைப்புக் குழாயைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் காய்ப்பு ஏறியிருந்தது.

ஏழாம் படி: குறிப்பேடு

சின்ன நோட்டு ஒன்று போதும். கப்பலின் எண், வகை, எதை வைத்து அடையாளம் கண்டீர்கள், வெளிச்சம் எப்படி இருந்தது என்று நான்கு கட்டங்கள். என் முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: “17. கடலோரப் பணிக் கப்பல். முதலில் கோர்வெட் என்று நினைத்தேன். பின்தளம் தட்டையாக இருந்ததால் திருத்திக்கொண்டேன். மேகமூட்டம்.” தவறாக நினைத்ததையும் எழுதுங்கள், அடுத்த முறை கண் அதைத்தான் தேடும்.

ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு ‘ஆள்கள்’ என்று தலைப்பிடுங்கள். கரையிலிருந்து அதை நிரப்ப முடியாது. வீட்டுக்குப் போய்த் தேடியோ, கப்பலில் ஏறும் நாளில் கேட்டோ எழுதிக்கொள்ளலாம்.